பெட்டி இருக்குமிடத்தை யார் வந்து சொல்வது? புளூடூத், ஜிபிஎஸ் டிராக்கர் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆவணப்படம் எடுக்கும் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவில் உபகரணக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. படப்பிடிப்புக்குப் புறப்படும்போது எண்ணி ஏற்றுவதும், திரும்பியதும் எண்ணி இறக்குவதும், எது குறைந்தாலும் அதற்குப் பதில் சொல்வதும் அந்த வேலையில் அடங்கும். ஒருமுறை, நள்ளிரவு வரை நீண்ட படப்பிடிப்பு முடிந்து திரும்பியபோது, லென்ஸ்கள் அடங்கிய அலுமினியப் பெட்டி வாடகை வேனின் பின்னிருக்கைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலையில்தான் அது தெரிந்தது. அதற்குள் வேன் அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிட்டது. ஓட்டுநரின் கைபேசியும் அணைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அவரே தேடி வந்து பெட்டியைக் கொடுத்தார். பொருள் சேதமின்றித் திரும்பியது என்றாலும், பெட்டி திருடு போனதா, மறந்து விடுபட்டதா என்றுகூடத் தெரியாமல் கழிந்த அந்த இரண்டு நாள்களில் குழுவினர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்விகள் எளிதில் மறக்கக்கூடியவையாக இல்லை.

அதன்பிறகுதான் எல்லா உபகரணங்களுக்கும், அவை இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் டிராக்கர் பொருத்துவது என்று முடிவெடுத்தோம். எதை வாங்குவது என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. ஜிபிஎஸ்தான் துல்லியமானது, எனவே எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிவிடலாம் என்றார் ஒளிப்பதிவாளர். மாதக் கட்டணம் கிடையாது, சார்ஜ் செய்யும் வேலையும் கிடையாது, ஆகவே புளூடூத் டேக்கே போதும் என்றார் ஒலிப்பதிவாளர். இருவரும் சொன்னது உண்மையே. ஆனால் எங்கள் கேள்விக்கு அந்த உண்மைகள் விடையாகவில்லை என்பது, இரண்டு வகையையும் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது. அப்படிப் பார்த்ததில் தெரிந்தவற்றையே இங்கே பதிவு செய்கிறேன்.

தான் எங்கே இருக்கிறோம் என்று அறியாத டேக்

புளூடூத் டேக்குக்குத் தன் இருப்பிடம் தெரியாது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். அது செய்வதெல்லாம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஓர் அடையாளச் சிக்னலை மெல்லிய குரலில் வெளியிடுவது மட்டுமே. அருகில் யாரேனும் ஒருவருடைய கைபேசி அந்தச் சிக்னலைக் கேட்கிறது; தன்னுடைய ஜிபிஎஸ், வைஃபை ஆகியவற்றைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது; அந்த இடத்தை, பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய செய்தியாக, இணையம் வழியே அனுப்பிவைக்கிறது. கைபேசிக்குச் சொந்தக்காரருக்கு இது நடந்ததே தெரியாது. டேக்கின் உரிமையாளர் வரைபடத்தில் பார்க்கும் புள்ளி, உண்மையில் டேக் இருக்கும் புள்ளி அன்று. அந்த வழியாகப் போன முகமறியா ஒருவர் நின்ற இடம் அது.

எனவே டேக்கின் வலிமை அதற்குள் இருக்கும் சில்லில் இல்லை. அதைச் சூழ்ந்திருக்கும் கைபேசிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஏர்டேக் என்ற தன் புளூடூத் டேக்கை அறிமுகப்படுத்தியபோது, தன் வலைப்பின்னலில் ஏறக்குறைய நூறு கோடிக் கருவிகள் இருப்பதாகச் சொன்னது. சாம்சங் அதே ஆண்டு தொடக்கத்தில் ஸ்மார்ட்டேக்கை வெளியிட்டது. 2012-இல் தொடங்கப்பட்ட டைல் நிறுவனம் இந்தத் துறையில் இவை எல்லாவற்றுக்கும் முந்தையது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான கூகுளின் வலைப்பின்னல் 2024 ஏப்ரலில்தான் செயல்படத் தொடங்கியது. பின்னர் 2025-இல் அதற்கு ஃபைண்ட் ஹப் என்று பெயர் மாற்றினார்கள். கூகுளின் வலைப்பின்னலில் ஒரு நுணுக்கம் உண்டு. அமைப்பை நாமாக மாற்றாதவரை, நடமாட்டம் மிகுந்த இடங்களில் பல கைபேசிகள் ஒரே டேக்கைக் கேட்டால்தான் அது இடத்தைத் தெரிவிக்கும். தனியுரிமையைக் காக்க எடுக்கப்பட்ட நல்ல முடிவுதான் அது. ஆனால் ஆளரவமற்ற இடத்தில் படப்பிடிப்பு நடத்தும் எங்களைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டே டேக்கை வாங்க வேண்டும்.

ஜிபிஎஸ் டிராக்கரின் நிலை இதற்கு நேர்மாறானது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலைப் பெற்று, திறந்த வானத்தின் கீழே சில மீட்டர் துல்லியத்தில் தன் இடத்தை அதுவே கணக்கிட்டுவிடும். ஆனால் ஜிபிஎஸ் என்பது கேட்கும் காது மட்டுமே. அதற்கு வாய் இல்லை. செயற்கைக்கோள் யாருக்கும் நம் பெட்டியைப் பற்றிச் சொல்வதில்லை. கணக்கிட்ட இடத்தை நம்மிடம் சொல்ல, டிராக்கருக்குள் ஒரு சிம் கார்டும், மொபைல் கோபுரத்தின் சிக்னலும், இரண்டையும் இயக்குமளவு பேட்டரியும் இருந்தாக வேண்டும். மாதக் கட்டணம் எதற்காக என்று குழுவில் ஒருவர் கேட்டார். அது செயற்கைக்கோளுக்கான கட்டணம் அன்று. இந்த வாய்க்கான கட்டணம்.

ஆக, இரண்டு வகையிலும் செய்தியைக் கொண்டுவர ஒரு தூதர் வேண்டும். முன்னதில் வழிப்போக்கர், பின்னதில் மொபைல் கோபுரம். ஒரு பொருள் காணாமல் போகும் நேரத்தில், அது கிடக்கும் இடத்தில், இந்த இரண்டு தூதர்களில் யார் இருப்பார் என்பதே தேர்வை முடிவு செய்யும் கேள்வி என்று நான் கருதுகிறேன். துல்லியம் அதற்குப் பின்னால் வருவது.

எங்கள் பொருள்கள் எப்படித் தொலைந்தன

வாங்குவதற்கு முன்னால், என்னிடமிருந்த பழைய கணக்கேட்டைப் புரட்டி, அதுவரை எவையெல்லாம் விடுபட்டன, எங்கே கிடைத்தன என்று எழுதிப் பார்த்தேன். சாவிக்கொத்து பலமுறை, எல்லா முறையும் கட்டடத்துக்குள்ளேயே கிடைத்தது. கேமரா முதுகுப்பை ஒருமுறை உணவகத்தில். விளக்கு ஸ்டாண்டுகள் வைத்திருக்கும் நீளப் பை இரண்டு முறை, இரண்டும் போக்குவரத்து வாகனங்களில். லென்ஸ் பெட்டி, மேலே சொன்ன வேனில். ஜெனரேட்டர் ஏற்றிய சிறு டிரெய்லர் ஒருபோதும் தொலைந்ததில்லை. ஆனால் திருடர் கண்ணில் படக்கூடியது அதுதான். பல இரவுகள் ஊருக்கு வெளியே தனியாக நிற்பதும் அதுதான்.

இந்தப் பட்டியல் எனக்கு ஓர் உண்மையைக் காட்டியது. எங்கள் இழப்புகளில் பெரும்பாலானவை மறதி, திருட்டு அன்று. மறந்த பொருள் விட்ட இடத்திலேயே இருக்கும், அல்லது யாரோ எடுத்துப் பத்திரப்படுத்திய இடத்தில் இருக்கும். அங்கே மனிதர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கைபேசிகள் இருக்கும். திருடப்பட்ட பொருளோ மனிதர்கள் குறைந்த இடத்தை நோக்கி நகரும். அதை எடுத்தவர் அது பேசாமலிருக்க வேண்டும் என்று விரும்புவார். இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஒரே கருவியைத் தேடியதுதான் எங்கள் தொடக்கத் தவறு.

அலுமினியப் பெட்டி

முதலில் டேக் பொருத்தியது லென்ஸ் பெட்டிக்கே. மூடியின் உட்புறத்தில் இருக்கும் நுரைப்பஞ்சில் நாணயமளவு ஒரு குழி வெட்டி, டேக்கை அதில் பதித்து, மேலே துணி ஒட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. திருடுபவர் கையிலும் எளிதில் சிக்காது. செய்த வேலை எனக்கு நிறைவாகவே இருந்தது.

மறுநாள் பெட்டியை மூடிவைத்து, ஆறேழு அடி தூரத்தில் நின்று டேக்கை ஒலிக்கச் செய்ய முயன்றேன். இணைப்பு கிடைக்கவில்லை என்று கைபேசி காட்டியது. அருகில் போனேன், அதே பதில். கைபேசியைப் பெட்டியின் மேலேயே வைத்தேன், விட்டுவிட்டுப் பிடித்தது. பூட்டு நாக்குகளைத் தளர்த்தி, மூடியை ஒரு விரற்கடை அளவு தூக்கியதும், உடனே கிண்கிணி ஒலித்தது. விரலை எடுத்து மூடினேன். ஒலி மங்கி, இணைப்பு அறுந்தது. மூடித் திறந்து நாலைந்து முறை பார்த்துவிட்டேன். நாலாபுறமும் உலோகத்தால் அடைத்த கூடு வானொலி அலையை வெளியே விடாது என்பது பள்ளியில் படித்ததுதான். விலையுயர்ந்த பெட்டியின் முன்னால் மண்டியிட்டு விரலால் அதை உணர்ந்தபோதுதான் அதன் பொருள் முழுதாக உறைத்தது.

வேனில் தங்கிய அந்த இரவில் பெட்டிக்குள் டேக் இருந்திருந்தாலும் எங்களுக்குப் பயன் இருந்திருக்காது. ஜிபிஎஸ் டிராக்கரை உள்ளே வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அத்தனை தொலைவிலிருந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல், புளூடூத்தை விடவும் மெலிந்த நிலையில்தான் தரையை வந்தடைகிறது. உலோக மூடிக்குள் அது நுழையவும் முடியாது. மொபைல் சிக்னல் வெளியேறவும் முடியாது.

கடைசியில் டேக்கைக் கைப்பிடிக்குக் கீழே, வெளிப்புறத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் திருகினேன். பார்த்தவுடன் தெரிகிறது, கழற்ற நினைப்பவர் ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம். ஆயினும் இந்தப் பெட்டிக்கு நேரக்கூடியது மறதிதான் என்று கணக்கேடு சொல்வதால், கேட்கக்கூடிய டேக்கே மறைவான டேக்கை விட மேல் என்று முடிவு செய்தேன். புதிதாகப் பெட்டி வாங்குபவர்களுக்கு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஆன பெட்டி அலையைத் தடுப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். முதுகுப்பையில் இந்தச் சிக்கல் இல்லை. தண்ணீர்ப் புட்டியை ஒட்டி வைக்காமல் இருந்தால் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிவிடும். மனித உடலும் அப்படித்தான்.

டிரெய்லரும் ஆறும்

டிரெய்லருக்கு ஜிபிஎஸ் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இரவில் அது நிற்கும் இடங்களில் வழிப்போக்கர் என்று ஒருவரும் வரமாட்டார். மொபைல் கோபுரமோ பெரும்பாலும் எட்டும் தூரத்தில் இருக்கும். டிராக்கரை இரும்புத் தளத்தின் அடியில் ஒட்டாமல், பின்விளக்கின் பிளாஸ்டிக் கூட்டுக்குள், முகம் வானத்தைப் பார்க்கும்படி வைத்தோம். தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைத் தெரிவிக்கும்படி அமைத்திருந்தேன். வரைபடத்தில் டிரெய்லர் நகர்வதைப் பார்ப்பது மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு வாரம் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

புளூடூத் டேக் ஒரு பொத்தான் பேட்டரியில் ஏறக்குறைய ஓராண்டு ஓடுவதும், ஜிபிஎஸ் டிராக்கர் அதைவிடப் பன்மடங்கு பெரிய பேட்டரியில் சில நாள்களே ஓடுவதும் தயாரிப்புக் குறையால் அன்று. டேக் செய்வது கண் சிமிட்டுவது போன்ற வேலை. ஜிபிஎஸ் டிராக்கரோ ஒவ்வொரு முறையும் செயற்கைக்கோளைத் தேடிக் கேட்டு, கணக்கிட்டு, கோபுரத்தை அழைத்துப் பேச வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் முழுமையாக ஒலிபரப்புகிறது. நீண்ட நேரம் உறங்கி எழும் டிராக்கர், இணையத்தின் உதவி கிடைக்காவிட்டால், அதைக் கேட்டு முடிக்கும் வரை விழித்தேயிருக்க வேண்டும். அந்த விழிப்புத்தான் பேட்டரியைத் தின்கிறது. ஆகவே அமைப்பை மாற்றினேன்: அசைவு உணரப்பட்டால் மட்டும் விழித்து அடிக்கடி தெரிவிக்க வேண்டும், நிற்கும்போது நாளுக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். அதன்பிறகு ஒரு சார்ஜ் மாதக்கணக்கில் தாங்குகிறது. அந்த ஒற்றைச் செய்தியை நான் மிகவும் மதிக்கிறேன். அது வராத நாளில், திருட்டு நடப்பதற்கு முன்னரே, பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

ஒருநாள் விளக்கு உதவியாளர் பதற்றத்தோடு அழைத்தார். “அண்ணா, டிரெய்லர் ஆத்துக்குள்ள நிக்கிற மாதிரி காட்டுது” என்றார். நானும் செயலியைத் திறந்தேன். ஆற்றின் நடுவே, நீலப் பரப்பின் மேல், அழகாக ஒரு புள்ளி இருந்தது. டிரெய்லரை அன்று காலை ஒரு கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் விட்டிருந்தோம். போய்ப் பார்த்தோம், விட்ட இடத்திலேயே நின்றது. அடித்தளத்தில் வானம் தெரியாததால் ஜிபிஎஸ் தோற்று, டிராக்கர் அருகிலுள்ள மொபைல் கோபுரத்தைக் கொண்டு இடத்தைத் தோராயமாகக் கணித்திருக்கிறது. அப்படிக் கணிக்கும்போது பிழை சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரைகூடப் போகும். செயலியில் அந்தப் புள்ளியைத் தட்டிப் பார்த்தபோது, சிறிய எழுத்தில் ‘கோபுரம்’ என்று குறிப்பு இருந்தது. புள்ளியின் தோற்றத்திலோ எந்த வேறுபாடும் இல்லை. ஒரு மீட்டர் பிழையையும் ஒரு கிலோமீட்டர் பிழையையும் ஒரே புள்ளியாக வரைவது செயலி வடிவமைப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய குறை என்று உறுதியாக நினைக்கிறேன். வாங்குமுன், இடம் எந்த வழியில் கிடைத்தது என்பதையும், எப்போது கிடைத்தது என்பதையும் செயலி காட்டுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலிவான ஜிபிஎஸ் டிராக்கர்கள் சில 2ஜி சிக்னலில் மட்டுமே இயங்குபவை. பல நாடுகளில் அந்தச் சேவை மூடப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2ஜியை 2017-இன் தொடக்கத்திலும், 3ஜியை 2022 பிப்ரவரியிலும் நிறுத்தியது. தூதரே இல்லாமல் போன பிறகு செயற்கைக்கோளைக் கேட்டு என்ன பயன்? 4ஜி, அல்லது சிறு கருவிகளுக்கென்றே உள்ள அதன் கிளைகளான எல்டிஇ-எம், என்பி-ஐஓடி ஆகியவற்றில் எதை உங்கள் பகுதியின் மொபைல் நிறுவனம் தருகிறதோ அதை ஏற்கும் கருவியாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

பிறர் கைபேசி விடுத்த எச்சரிக்கை

டேக்குகள் அனைத்தையும் வசதிக்காக என் கைபேசியிலேயே பதிந்திருந்தேன். ஒலிப்பதிவாளர் ஒரு நாள் வேலை முடிந்து ஒலிக்கருவிப் பையைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அன்றிரவு பதினோரு மணிக்கு அவரிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. அறியாத டிராக்கர் ஒன்று உங்களோடு பயணிக்கிறது என்று அவருடைய கைபேசி எச்சரித்திருந்தது. அலுவலகத்திலிருந்து வீடு வரை அவர் வந்த பாதை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக விழுந்திருந்தது. அவர் பேருந்துக்குக் காத்திருந்த நிறுத்தமும், இறங்கி நடந்த தெருவும் அதில் இருந்தன. பையில் டேக் இருப்பதை அவர் மறந்துவிட்டிருந்தார். தனியாக இருந்த வேளையில் அந்த எச்சரிக்கையைக் கண்டு எவ்வளவு பயந்திருப்பார் என்பதை அடுத்த நாள் அவர் முகத்தில் பார்த்தேன். நான் உடனே மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய தவறுதான் அது. அவர் வீட்டுக்குப் போன வழியை நான் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தேன் என்பதே, நான் பார்த்தேனா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், சரியான ஏற்பாடு அன்று.

அந்த எச்சரிக்கை தேவையான ஒன்று. டேக்கைப் பிறர் பையிலும் வாகனத்திலும் மறைத்துவைத்து அவர்களைப் பின்தொடரும் கொடுமை நடந்ததால்தான், ஆப்பிளும் கூகுளும் 2023 மே மாதத்தில் கூட்டாக ஒரு விதிமுறை வரைவை வெளியிட்டன. 2024 மே மாதம் முதல், டேக் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பாராமல், அந்த விதிமுறையை ஏற்றவை அனைத்தையும் ஐஃபோன், ஆண்ட்ராய்டு ஆகிய இரண்டு வகைக் கைபேசிகளும் காட்டிக்கொடுக்கின்றன. உரிமையாளரைப் பிரிந்து பல மணி நேரம் ஆன ஏர்டேக், அசைக்கப்பட்டால் தானாகவே ஒலிக்கவும் செய்யும். முதலில் இந்த இடைவெளி மூன்று நாளாக இருந்தது. 2021 ஜூனில் அதை 8 முதல் 24 மணி நேரத்துக்குள் என்று குறைத்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் காக்கும் அதே எச்சரிக்கை, திருடியவர் கைபேசியிலும் தோன்றும். ‘உன்னோடு ஒரு டேக் வருகிறது’ என்று அவருக்குத் தெரிவித்து, அதை ஒலிக்கச் செய்து தேடவும் வழி காட்டும். எனவே புளூடூத் டேக்கைத் திருட்டுத் தடுப்புக் கருவி என்று நம்பி வாங்குவது தவறு. மனிதரின் பாதுகாப்பையும் பொருளின் பாதுகாப்பையும் எதிரெதிரே நிறுத்தினால், மனிதரின் பக்கம் நின்ற இந்த முடிவை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். தனித்த ஜிபிஎஸ் டிராக்கரிடம் இத்தகைய எச்சரிக்கை ஏதும் இல்லை. திருட்டுக்கு அது ஏற்றதாக இருப்பதற்கும், தவறானவர் கையில் அது அதிக ஆபத்தாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

ஏற்பாட்டை மாற்றினோம். யார் எந்தப் பையைச் சுமக்கிறாரோ, அவர் கைபேசியில்தான் அந்தப் பையின் டேக் பதியப்பட வேண்டும். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குள் ஒரு டேக்கை ஐந்து பேர் வரை பகிர்ந்துகொள்ள 2023 முதல் வழி இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒலிப்பதிவாளருக்கு அது உதவாது. அவருக்குக் கூகுள் வலைப்பின்னலில் இயங்கும் டேக் ஒன்றை வாங்கித் தந்தோம். எந்த டேக் சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், பொருளைச் சுமப்பவர் கையில் எந்தக் கைபேசி இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும் என்பதை இதில் கற்றோம்.

விமானப் பயணம்

இதில் நீண்ட ஆய்வு தேவைப்படவில்லை. விதியே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் இயங்கிக்கொண்டிருக்கும் டிராக்கரை வைக்க வேண்டுமானால், லித்தியம் உலோக பேட்டரியில் லித்தியம் 0.3 கிராமுக்கு மிகாமலும், மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயான் பேட்டரியாயின் 2.7 வாட்-மணிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சிஆர்2032 பொத்தான் பேட்டரியில் இருப்பது சுமார் 0.1 கிராம் லித்தியம்; எனவே டேக்குக்குத் தடை இல்லை. 2.7 வாட்-மணி என்பது, 3.7 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 730 மில்லி ஆம்பியர் மணி. நாள்கணக்கில் ஓடக்கூடிய ஜிபிஎஸ் டிராக்கர்களில் பல இந்த அளவைத் தாண்டியவை. மேலும், விமானத்தின் உலோக வயிற்றுக்குள் அவற்றால் வானத்தைப் பார்க்கவும் முடியாது.

ஒரு பயணத்தில் எங்கள் ஐந்து பெட்டிகளில் நான்குதான் வந்தன. பெட்டிகள் வரும் பட்டை நின்ற பிறகும் ஐந்தாவதற்காகக் காத்திருக்காமல், கைபேசியைப் பார்த்தேன். புறப்பட்ட விமான நிலையத்திலேயே அது இருப்பதாகவும், பத்து நிமிடத்துக்கு முன்னர் அங்கே கேட்கப்பட்டதாகவும் காட்டியது. அங்குள்ள பணியாளர்களின் கைபேசிகளில் ஏதோ ஒன்று எங்களுக்குத் தூதாகியிருந்தது. விமான நிறுவனத்தின் மேசையில் அதைக் காட்டியதும், தேடும் வேலை அனுப்பிவைக்கும் வேலையாக மாறியது. இப்போது இதற்கு இன்னும் எளிய வழி வந்துவிட்டது: 2024 டிசம்பரில் வந்த, ஐஃபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் 18.2 முதல், காணாமல் போன பொருளின் இடத்தைக் காட்டும் இணைப்பு ஒன்றை விமான நிறுவனத்துக்கு அனுப்பலாம். ஏழு நாளில், அல்லது பொருள் உரிமையாளரிடம் திரும்பியதும், அந்த இணைப்பு தானாகவே காலாவதியாகிவிடும்.

ஸ்டாண்டு பை

எல்லாம் முடிவான பிறகு நிகழ்ந்த ஒரு சம்பவமே எங்கள் தேர்வுக்கு உண்மையான சோதனையாக அமைந்தது. சாவிக்கொத்து, முதுகுப்பைகள், லென்ஸ் பெட்டி, ஸ்டாண்டு பை ஆகியவற்றுக்குப் புளூடூத் டேக். டிரெய்லருக்கு மட்டும் ஜிபிஎஸ் என்று வகுத்திருந்தோம். ஸ்டாண்டு பை மூன்றாம் முறையாகத் தொலைந்தது. தொலைதூரப் பேருந்தின் சரக்கறையில் வைத்ததை எடுக்காமல் இறங்கிவிட்டோம், பேருந்து போய்விட்டது.

மாலை 6.40-க்கு நாங்கள் இறங்கிய நிறுத்தத்தில் கடைசியாகப் பதிவாகியிருந்தது. 7.05-க்கு நெடுஞ்சாலையில் ஒரு புள்ளி, 7.52-க்கு அடுத்த ஊரின் பேருந்து நிலையத்தில் ஒன்று, 8.20-க்குப் பணிமனையின் வாசலில் ஒன்று. அதன்பிறகு இரவு முழுவதும் ஒன்றுமில்லை. உதவியாளர், பையை யாரோ எடுத்து டேக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டார். எனக்கும் கவலை இருந்தது. ஆனால் முந்தைய புள்ளிகளின் நேரத்தைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: பயணிகள் இருந்தவரை செய்தி வந்துகொண்டிருந்தது, அவர்கள் இறங்கியதும் நின்றது. பேருந்துகள் மட்டும் நிற்கும் இரும்புக் கொட்டகையில், நள்ளிரவில் யாருடைய கைபேசி அதைக் கேட்கப்போகிறது? மௌனம் என்பது அங்கே ஆளில்லை என்பதற்கு அடையாளம்; பை இல்லை என்பதற்கு அன்று. டேக்கைப் பயன்படுத்துபவர் புள்ளியைக் காட்டிலும் அதன் அருகில் இருக்கும் நேரத்தைப் படிக்கப் பழக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஜிபிஎஸ் டிராக்கர் இருந்திருந்தால் அந்த ஒன்பது மணி நேரக் கவலை குறைந்திருக்கலாம். ஆனால் பேருந்தின் சரக்கறையும் கொட்டகையின் தகரக் கூரையும் அதற்கும் வானத்தை மறைத்திருக்கும். மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் அந்தப் பையின் டிராக்கரை அன்றைய தினம் நாங்கள் சார்ஜ் செய்து வைத்திருப்போம் என்பதற்கும் உறுதி இல்லை.

காலை 5.30-க்கு, முதல் ஷிப்டுக்கு ஊழியர்கள் வந்ததும், பணிமனையின் புள்ளி மீண்டும் உயிர்பெற்றது. நானும் உதவியாளரும் எட்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். பயணிகள் விட்டுச் சென்ற பொருள்களை வைக்கும் அறையில், பைகளும் குடைகளும் மூட்டைகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. டேக் இருக்கும் திசையைக் கைபேசியில் காட்டும் அம்புக்குறி சிறிது நேரம் தடுமாறியது; இரும்பு அடுக்குகளுக்கு நடுவே தடுமாறத்தான் செய்யும். டேக்கை ஒலிக்கவிட்டேன். அடுக்கின் கீழே எங்கோ அந்த மெல்லிய கிண்கிணி கேட்டதும், உதவியாளர் குனிந்து இரண்டு மூட்டைகளை விலக்கிப் பையை வெளியே இழுத்தார்.

பொறுப்பாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது, மேசை மேல் இருந்த ஒரு துண்டுச்சீட்டைக் காட்டினார். பையின் பிடியில் நான் தைத்திருந்த துணிச்சீட்டிலிருந்து எங்கள் தொலைபேசி எண்ணை அவர் குறித்துவைத்திருந்தார். “பத்து மணிக்கு மேல கூப்பிடலாம்னு இருந்தேன்” என்றார். எனவே டேக்குகளோடு சேர்த்து, எண் எழுதிய துணிச்சீட்டையும் எல்லாப் பொருள்களிலும் தைத்துவிட்டேன். டேக்குகளின் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் மாற்றுகிறேன். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பொத்தான் பேட்டரிகள் சில டேக்குகளில் சரியாகத் தொடர்பு கொள்ளாது என்பதால், வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குகிறேன். அதுவரை யாருடைய பொறுப்பிலும் இல்லாதிருந்த ஸ்டாண்டு பைக்கு, ஏட்டில் இப்போது விளக்கு உதவியாளரின் பெயர் இருக்கிறது. அதன் டேக்கும் அவர் கைபேசிக்கு மாறிவிட்டது.